1937இல் பூட்டிய கொட்டகையைத் திறந்தது யார்? (பர்லெஸ்க் பற்றிப் பேசுவோம்)

ஜெர்சி நாகா:

தெருக்கூத்து, சர்க்கஸ், பார்சி நாடகம் என்று இங்கே ஒரு சுற்றுப் பேசியாகிவிட்டது. பர்லெஸ்க்கையும் பேசிவிடலாம், அதாவது பாட்டும் கேலியுமாக ஆடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து ஆடும் மேடை ஆட்டம். மாடரேட்டர் முறைக்க வேண்டாம், படம் எதுவும் போடமாட்டேன்.

1937இல் நியூயார்க் மேயர் லகார்டியா, ஊரிலிருந்த பர்லெஸ்க் கொட்டகைகளின் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் நிறுத்தினார். அப்புறம் சிலதைத் திறக்கவிட்டாலும், 'பர்லெஸ்க்' என்ற சொல்லையும், அந்தத் தொழிலில் கொடிகட்டிப் பறந்த மின்ஸ்கி சகோதரர்களின் பெயரையும் வாசலில் போடக் கூடாது என்று தடை. (அவர் பெயரிலுள்ள விமான நிலையத்தில் இறங்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.) அதே ஊரில் 2003இலிருந்து அந்தச் சொல்லைப் பெரிதாகப் போட்டே திருவிழா நடக்கிறது. தொடங்கியவர்கள் இரண்டு பெண்கள். கற்றுக்கொடுக்கத் தனிப் பள்ளியே இருக்கிறது. நான் போன காட்சிகளில் விசிலடித்துக் கத்தியவர்களிலும் பெண்களே அதிகம். ஆண்கள் பலர் மனைவியோடு வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள்.

என் கேள்வி: இது பழைய கலை உயிர்த்தெழுந்ததா, இல்லை பழைய பெயரை ஒட்டி விற்கும் புதுச் சரக்கா?

சும்மா சுந்தரம்:

நாகா, மேடையேறும்போது பத்துத் துணி, இறங்கும்போது இரண்டு. நம்மூரில் ரெக்கார்டு டான்ஸ் என்றால் போலீஸ் வருகிறது. அங்கே ஒயின் கிளாஸோடு உட்கார்ந்து 'கலை' என்கிறார்கள். வித்தியாசம் டிக்கெட் விலையில்தான். வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மேடைப்பித்தன்:

சுந்தரம் அண்ணே, இருக்கிறது. ஆனால் கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும்.

ஆரம்பத்தில் இதில் துணி அவிழ்ப்பே கிடையாது. 1868இல் லிடியா தாம்ப்ஸன் என்ற நடிகை லண்டனிலிருந்து ஒரு பெண்கள் குழுவோடு நியூயார்க் வந்து இறங்கினார். கிரேக்கப் புராணத்தைக் கிண்டலடிக்கும் நாடகம். ஆண் வேஷம் போட்டதும் பெண்கள்தான். கால் தெரியும் இறுக்கமான உடையில் நின்றுகொண்டு அரசியலையும் ஆம்பிளைத்தனத்தையும் வாய்க்கு வந்தபடி கேலி செய்தார்கள். பத்திரிகைகளுக்குக் கோபம் காலைப் பார்த்தா, வாயைக் கேட்டா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. எனக்கு வாய்தான் காரணம் என்று தோன்றும். 1870இல் சிகாகோவில் ஒரு பத்திரிகை ஆசிரியர் இவர்களைக் கேவலமாக எழுத, லிடியா அவரை நடுத்தெருவில் குதிரைச் சவுக்கால் விளாசினார். கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். அதுவே அவருக்கு இலவச விளம்பரம் ஆகிவிட்டது.

துணி விவகாரம் பிறகு வந்தது. நியூயார்க் கீழ்க்கிழக்குப் பகுதியில் மின்ஸ்கி சகோதரர்களின் கொட்டகை மாடியில் இருந்தது. பார்வையாளர்களுக்கு நடுவே நீளும் நடைமேடையை பாரிஸில் பார்த்துவிட்டு வந்து இங்கே போட்டார்கள். கீழே டிக்கெட் கவுண்டரில் ஒரு சுவிட்ச். போலீஸ் தலை தெரிந்தால் அழுத்துவார்கள், மேலே மேடை ஓரத்தில் சிவப்பு விளக்கு எரியும், ஆட்டம் அந்த நொடியே பதிவிரதை ஆட்டமாகிவிடும். அப்படியும் 1925இல் ரெய்டு வந்தது.

ஒன்றை மறக்க வேண்டாம். அதே மேடையில்தான் அமெரிக்க நகைச்சுவைக்காரர்கள் தொழில் பழகினார்கள். அபட் – காஸ்டெல்லோ, பில் சில்வர்ஸ், ஜாக்கி கிளீஸன், பெர்ட் லார் எல்லாம் இந்தப் பட்டறையில் அடிபட்டு வந்தவர்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, அடுத்த பெண் எப்போது வருவாள் என்று கத்தும் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது சும்மா இல்லை. அதில் தேறியவன் எங்கேயும் தேறுவான்.

பிறகு கொட்டகை போய் நைட்கிளப் வந்தது. 1964இல் சான்ஃபிரான்சிஸ்கோ காண்டார் கிளப்பில் கரோல் டோடா மேலாடையின்றி ஆடினார். அதற்குப் பிறகு ஒரு கையுறையைக் கழற்ற மூன்று நிமிடம் எடுத்துக்கொள்பவளைப் பார்க்க யாருக்குப் பொறுமை? வாத்தியக்குழுவை நிறுத்தினார்கள், ரெக்கார்டைப் போட்டார்கள், கதை முடிந்தது.

ஜெர்சி நாகா:

பித்தன் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது.

ஜென்னி லீ என்று ஒரு ஆட்டக்காரி. 1955இல் சக ஆட்டக்காரிகளைச் சேர்த்து, கூலியும் வேலை நிலைமையும் சரியில்லை என்று ஒரு சங்கம் ஆரம்பித்தவர். பிற்காலத்தில் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஹெலண்டேல் என்ற ஊரில், பழைய ஆட்டுப் பண்ணை ஒன்றில் போய்ச் சேர்ந்தார். தோழிகளின் இறகு விசிறி, கவுன், போஸ்டர், போட்டோ எல்லாவற்றையும் அங்கே சேர்த்துவைத்தார். 1990இல் புற்றுநோயில் இறந்துபோனார்.

அவருடைய தோழி டிக்ஸி எவன்ஸ் பொறுப்பெடுத்தார். மர்லின் மன்றோ போல வேஷம் கட்டி ஆடிப் பேர் வாங்கியவர். பாலைவனத்து அருங்காட்சியகத்துக்கு யார் வருவார்கள்? 90களின் தொடக்கத்தில் அங்கேயே ஓர் அழகிப் போட்டி வைத்தார். டெம்பஸ்ட் ஸ்டார்ம், பிளேஸ் ஸ்டார், லிலி செயின்ட் சிர் என்று பழைய நட்சத்திர ஆட்டக்காரிகள் எல்லாருக்கும் அழைப்பு போகிறது என்று பத்திரிகைகளுக்குச் செய்தி. அழைப்பு போகும் என்றுதான் சொன்னார், வருவார்கள் என்று சொல்லவில்லை. பழைய மேடைத் தந்திரம்! கூட்டம் வந்தது.

அதே சமயத்தில் ஒன்றுக்கொன்று தெரியாமல் இரண்டு கடற்கரையிலும் பற்றிக்கொண்டது. லாஸ் ஏஞ்சலஸில் 1995இல் மிஷெல் கார் 'வெல்வெட் ஹாமர்' குழுவை ஆரம்பித்தார். உடம்பெல்லாம் பச்சை குத்திய பங்க் பெண்கள், குண்டான பெண்கள், மாடலிங் ஏஜென்சி வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள்தான் அவர் மேடையில். நியூயார்க்கிலும் சின்னச் சின்ன பார்களில் இதே வேலை. 2001இல் நியூ ஆர்லியன்ஸில் 'டீஸ்-ஓ-ராமா' என்று நாடு முழுவதுமிருந்தும் எல்லாரும் கூடினார்கள். அங்கேதான் பலரும் 'அட, நம்மைப் போல இத்தனை பேரா' என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 2006இல் டிக்ஸியின் போட்டி பாலைவனத்தை விட்டு லாஸ் வேகஸுக்குப் போனது. இன்று அது பர்லெஸ்க் ஹால் ஆஃப் ஃபேம். ஜெயித்தவர்களில் 2004இன் டர்ட்டி மார்டினி என்ற ஆட்டக்காரியைப் பார்த்தால் சுந்தரம் அண்ணன் தன் 'அழகி' கணக்கையே மாற்ற வேண்டியிருக்கும். பெரிய உடம்பு, பாலே பயிற்சி, பூனை மாதிரி கால்.

அந்தப் போட்டி நடக்கும் விழாவில் ஓர் இரவு முழுக்கப் பழைய ஆட்டக்காரிகளுக்கு. எழுபது, எண்பது வயதுப் பாட்டிகள் மேடையேறுவார்கள். ஒருத்தி கைத்தடியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு கையுறையைக் கழற்றுவாள். ஒவ்வொரு விரலாக. அவ்வளவுதான். கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. ரெக்கார்டு டான்ஸுக்கு இது உண்டா அண்ணே?

டொராண்டோ தங்கம்:

நான் இங்கே தையல் வேலை செய்கிறேன். முதலில் அரங்கேற்றச் சட்டைகள்தான் கூடுதலாகத் தைத்தனான். பிறகு ஒரு பிள்ளை பர்லெஸ்க் உடுப்புத் தைத்துத் தருவீங்களோ என்று வந்து நின்றது. அதுக்குப் பிறகு கனக்கப் பேர் வந்திட்டினம். ஆக, மேடையை விட்டுப்போட்டு உடுப்பைப் பற்றிச் சொல்லுறன்.

பரதநாட்டியச் சட்டை அவிழவே கூடாது, இது சொன்ன நொடியில் அவிழ வேண்டும். அதுதான் முழு வேலையும். வெல்க்ரோ போடக்கூடாது, பிரிக்கிற சத்தம் பின்வரிசை வரைக்கும் கேட்கும், காலுறையிலையும் கொளுவிக்கொள்ளும். நான் பெரிய கொக்கி வைப்பன், கண் பார்க்காமல் கை தடவியே கண்டுபிடிக்கிற அளவில். கார்செட்டுக்கு, அதுதான் இடுப்பை இறுக்குகிற உடுப்புக்கு, முன்பக்கம் இரும்புப் பட்டையில் குமிழும் ஓட்டையுமாக ஒரு பூட்டு இருக்கு. முதுகுக் கயிற்றை முதலே கொஞ்சம் தளர்த்தி வைத்தால், இரண்டு பக்கத்தையும் ஒருக்கால் உள்ளே நெருக்க, டக்கென்று விட்டுவிடும். தளர்த்த மறந்தால் மேடையிலை நின்று மல்லுக்கட்ட வேண்டியதுதான், பாட்டு முடிஞ்சிடும்.

மார்புக்காம்பை மறைக்கிற சின்னக் கூம்பு ஒன்று இருக்கு, பேஸ்டி என்பினம். விறைப்பான துணியில் வெட்டி, மேலே சம்கி தைத்து, விக் ஒட்டுகிற டேப்பால் ஒட்டுறது. நுனியில் குஞ்சம் தொங்கும். அதைச் சுழற்றுகிறது தனி வித்தை, குதிக்காலால் துள்ளித்தான் சுழற்ற வேணும், தோளால் இல்லை. குஞ்சம் முறுகிச் சிக்குப்படாமல் இருக்க நான் என்ன வைக்கிறன் தெரியுமோ? மீன் தூண்டில் கடையில் விற்கிற சுழலி. தூண்டில் நூல் முறுகாமல் இருக்கப் போடுகிற அதே சாமான். கடைக்காரர் என்னைப் பெரிய மீன்பிடிகாரி என்று நினைச்சுக்கொண்டிருக்கிறார்.

தீக்கோழி இறகு விசிறி இரண்டையும் தூக்கிப் பாருங்கோ, ஐந்து நிமிடத்தில் மணிக்கட்டு விட்டுப்போகும். 1933 சிகாகோ கண்காட்சியில் சாலி ராண்ட் என்ற பெண் இந்த விசிறியாலேயே ஊரைக் கலக்கினவ. என்ன தெரிஞ்சது, என்ன தெரியேல்லை என்று பார்த்தவைக்கே சொல்ல ஏலாது. போலீஸ் பிடிச்சது வேறை விஷயம்.

ஒரு கணக்கும் சொல்லுறன். நல்ல உடுப்பு ஒன்றுக்கு என்னிடம் தருகிற காசை, பல மாதம் ஆடினாலும் அந்தப் பிள்ளைகளால் திருப்பி எடுக்க ஏலாது. பகலில் ஒருத்தி பல் டாக்டரிடம் வேலை, ஒருத்தி ஆசிரியை. பள்ளிக்குத் தெரிஞ்சால் வேலை போய்விடும் என்ற பயமும் இருக்கு.

ஈப்போ இளங்கோ:

மலேயாக்காரன் ஒரு வரி. எங்கள் அப்பா தலைமுறைக்கு இந்த வகையில் தெரிந்த ஒரே பெயர் ரோஸ் சான். ஐம்பதுகளில் மலாயா முழுக்கச் சுற்றி ஆடியவர், மலைப்பாம்போடு ஆடுவார். தர்ம காரியங்களுக்கு வாரிக்கொடுத்தவர் என்றும் சொல்வார்கள். 1987இல் இறந்தார். அவர் பெயரைப் பெரியவர்கள் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள், கதையை மட்டும் நிறுத்தமாட்டார்கள். இந்தப் பக்கத்தில் இப்போது பெயர் எடுத்திருப்பவர் சுக்கி சிங்கப்போரா. இந்திய வம்சாவளி. சிங்கப்பூரில் இந்த ஆட்டத்துக்கு அனுமதி கேட்டுப் பாடுபட்டார்.

லண்டன் வாணி:

சட்டப் பக்கம் யாரும் தொடவில்லையே. நான் இங்கே லைசென்ஸிங் வழக்குகளில் வேலை செய்தவள்.

இங்கிலாந்தின் கூத்து தனி. லண்டனில் விண்ட்மில் தியேட்டர் 1932இலிருந்து நிர்வாணப் பெண்களை மேடையில் நிறுத்தியது. தணிக்கை அதிகாரியான லார்ட் சேம்பர்லேன் போட்ட ஒரே நிபந்தனை: அசையக் கூடாது. அசைந்தால் ஆபாசம், அசையாவிட்டால் சிற்பம். உலகப்போரில் குண்டு விழுந்தபோதும் அந்தச் சிற்பங்கள் அசையாமல் நின்றன. 1964இல் மூடினார்கள்.

இப்போதைய சட்டம் 2009இல் வந்தது. லேப் டான்ஸ் (வாடிக்கையாளரின் மடியை ஒட்டி ஆடும் ஆட்டம்) கிளப்புகளைக் கட்டுப்படுத்த 'பாலியல் கேளிக்கை இடம்' என்று ஒரு வகையை உண்டாக்கினார்கள். பர்லெஸ்க் அதில் சேருமா? சட்டம் நேராகச் சொல்லவில்லை. பார்ப்பவருக்குக் கிளர்ச்சியூட்டுவதுதான் நோக்கமா என்று உள்ளூர் கவுன்சில் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். ஆகவே தேம்ஸ் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கலை, அந்தப் பக்கம் கேளிக்கை என்று ஆகலாம். ஒரு விதிவிலக்கு உண்டு: ஓர் இடத்தில் வருஷத்துக்கு 11 முறைக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு மாதமாவது விட்டு நடத்தினால் அந்த லைசென்ஸ் தேவையில்லை. பல பப்களில் 'மாதம் ஒருமுறை பர்லெஸ்க்' என்று வைத்துவிட்டு ஒரு மாதம் மட்டும் விடுமுறை விடுவதன் ரகசியம் இதுதான்.

அந்தச் சமயத்தில் பர்லெஸ்க்காரர்கள் பலர் எழுப்பிய குரல்: 'எங்களை லேப் டான்ஸோடு சேர்க்காதீர்கள், நாங்கள் வேறு.' வழக்குக்கு நல்ல வாதம். மனிதருக்கு நல்ல வாதமா என்பதில் எனக்கு இன்னும் உறுத்தல் இருக்கிறது.

கவுண்டர் கதிர்:

வாணி அக்கா சரியான இடத்தில் தொட்டார். நான் அமெரிக்காவில் ஒரு ஸ்ட்ரிப் கிளப்பில், அதாவது பெண்கள் ஆடை களைந்து ஆடும் மதுக்கூடத்தில், பார்டெண்டராக இருந்தவன். பெயர் வேண்டாம்.

கீழே கிளப், மாடியில் மாதமொரு பர்லெஸ்க் இரவு. கீழே ஆடும் பெண்கள் ஆடுவதற்கே கிளப்புக்கு அன்றன்றைக்கு வாடகை கட்டவேண்டும். சம்பளம் கிடையாது, டிப்ஸ்தான். டி.ஜே.வுக்குப் பங்கு, பவுன்சருக்குப் பங்கு. கூட்டம் இல்லாத நாளில் கைக்காசு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மாடியில் ஒருநாள் தொகுப்பாளினி மைக்கில் சொன்னாள், 'இது கலை, நாங்கள் ஒன்றும் ஸ்ட்ரிப்பர்கள் இல்லை.' கூட்டம் கைதட்டியது. லீவு போட்டுவிட்டு ஆசையாகப் பார்க்க வந்த கீழ்த்தள பெண்கள் மூன்று பேர் பின்வரிசையில் இருந்தார்கள். ஒருத்தி என்னிடம் வந்து பில்லைக் கேட்டாள்.

ஆட்டுப் பண்ணைக் கதை நல்ல கதை. ஆனால் அங்கே கொண்டாடப்படும் பாட்டிகள் எல்லாரும் அவர்கள் காலத்தில் ஸ்ட்ரிப்பர்கள்தானே? வயிற்றுக்கு ஆடியவர்கள்தானே? செத்த ஸ்ட்ரிப்பருக்கும் கிழவி ஸ்ட்ரிப்பருக்கும் மாலை, கீழ்மாடியில் இன்றைக்கு ஆடுகிறவளுக்கு 'நாங்கள் அவள் இல்லை'. இதை மறுமலர்ச்சி என்பதா?

ஜெர்சி நாகா:

கதிர், குத்துகிறது, ஆனால் எல்லாரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். நியூயார்க் பர்லெஸ்க் பள்ளியை நடத்தும் ஜோ வெல்டன் தானே ஸ்ட்ரிப்பராக வேலை பார்த்தவர், அதை மறைத்ததே இல்லை. கிளப்பில் ஆடிக்கொண்டே பர்லெஸ்க் மேடையும் ஏறுகிறவர்கள் நிறைய. 'நாங்கள் அவர்கள் இல்லை' என்பதற்கு எதிர்ப்பு உள்ளேயிருந்தும் வருகிறது.

மேடைப்பித்தன்:

இன்னொரு கதவும் சாத்தியிருந்தது. பழைய காலத்துக் கறுப்பின ஆட்டக்காரிகளுக்குப் பல கிளப்புகளில் இடமே இல்லை, கிடைத்த இடத்தில் கூலி குறைவு. டெட்ராய்ட்டின் டோனி எலிங் ஒரு உதாரணம். தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தவர், கறுப்பினப் பெண் என்பதால் பதவி உயர்வு இல்லை என்றதும் வெளியேறி, முப்பது வயதைத் தாண்டி இந்தத் தொழிலுக்கு வந்தார். மேடைப் பெயரை நண்பரான ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனிடமிருந்து எடுத்துக்கொண்டார். அவர் பெயரை வெளியுலகம் உரக்கச் சொன்னது மறுமலர்ச்சிக்குப் பிறகுதான். ஜீஸ் லூயீஸ் என்ற ஆட்டக்காரி கறுப்பினக் கலைஞர்களுக்கென்றே தனி விழா தொடங்கினார். மற்ற விழாக்களின் போஸ்டரில் எத்தனை கறுப்பு முகம் என்று எண்ணிப் பார்த்தால் ஏன் தனி விழா என்று கேட்கத் தோன்றாது.

சும்மா சுந்தரம்:

நான் ஆரம்பித்ததை விட்டுவிட்டு எங்கெங்கோ போய்விட்டீர்கள், பரவாயில்லை. பித்தன் சொன்ன கேலி எங்கே போனது? யூடியூபில் பார்த்தால் எல்லாரும் ஒரே மாதிரி ஜிகினா, ஒரே மாதிரி விசிறி, பெரிய கண்ணாடிக் கோப்பைக்குள் குளியல்.

ஜெர்சி நாகா:

கோப்பைக் குளியல் டிட்டா வான் டீஸ் பிரபலமாக்கியது. இந்த உலகத்துக்கு வெளியே எல்லாருக்கும் தெரிந்த முகம் அவர்தான், அதனால் எல்லாரும் அதையே காப்பியடிக்கிறார்கள். பாடகி ஷேர் நடித்த 'பர்லெஸ்க்' என்ற 2010 ஹாலிவுட் படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் குழப்பம் இன்னும் அதிகம்.

கேலி இருக்கிறது, சின்ன பார்களில். ஜூலி அட்லஸ் மஸ் ஓர் ஆள் உயர பலூனுக்குள் புகுந்துகொண்டு ஆடுவார். டர்ட்டி மார்டினி அமெரிக்க தேசபக்தியையும் டாலரையும் சேர்த்துக் கிழிக்கும் ஓர் ஆட்டம் வைத்திருக்கிறார். இவர்களோடு இன்னும் சிலரை வைத்து பிரெஞ்சு நடிகர் மத்தியூ அமல்ரிக் எடுத்த படத்துக்கு 2010 கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது. சுந்தரம் அண்ணே, அதைப் பாருங்கள். ஆண்களும் இப்போது ஆடுகிறார்கள், 'பாய்லெஸ்க்'. 2006இலிருந்து லாஸ் வேகஸில் அவர்களுக்கும் பட்டம் உண்டு.

கவுண்டர் கதிர்:

நாகா, ஒரே ஒரு செய்தியோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். 2023 மே மாதம் வடக்கு ஹாலிவுட்டில் ஸ்டார் கார்டன் என்ற பாரின் ஸ்ட்ரிப்பர்கள் 17-0 என்று வாக்களித்துத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். எந்தச் சங்கம்? ஆக்டர்ஸ் ஈக்விட்டி. நியூயார்க்கின் பிராட்வே நாடக நடிகர்களின் சங்கம். கீழ்மாடிப் பெண்களை மேடைக் கலைஞர்கள் என்று ஒப்புக்கொள்ள பிராட்வேகாரனுக்குத் தயக்கமில்லை. 1955இல் ஜென்னி லீ ஆரம்பித்த வேலையை இவர்கள்தான் தொடர்ந்திருக்கிறார்கள் என்பேன். இறகு விசிறியை எடுத்துக்கொண்டவர்கள் இதையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் எனக்குச் சண்டையில்லை.

லண்டன் வாணி:

கதிர் தம்பி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அடுத்த முறை கவுன்சிலில் யாராவது 'நாங்கள் வேறு' என்று ஆரம்பித்தால் இதைத்தான் காட்டப்போகிறேன்.

சும்மா சுந்தரம்:

சங்கம் வைத்த விஷயம் எனக்குப் பிடித்தது, மறுக்கவில்லை. ஆனாலும் என் டிக்கெட் விலை வாதம் அப்படியே நிற்கிறது. சரி, மகள் அடுத்த மாதம் பாஸ்டனில் டிக்கெட் எடுத்துவைத்திருக்கிறாள், அம்மாவும் வருகிறாளாம், எனக்குத் தப்பிக்க வழியில்லை. அங்கே எப்படி நடந்துகொள்வது? டிப்ஸ் கொடுக்க வேண்டுமா?

டொராண்டோ தங்கம்:

அண்ணை, மேடைக்குக் காசு எறியாதேங்கோ. இடைவேளையில் ஒரு பிள்ளை வாளியோடு வரும், அதுக்குள்ளை போடுங்கோ. ஆட்டம் முடிய மேடையில் விழுந்த உடுப்புகளைப் பொறுக்குகிறதும் பெரும்பாலும் அதே பிள்ளைதான், அதுக்கும் கைதட்டுங்கோ. போன் எடுக்கலாமோ என்று முதலே கேளுங்கோ. சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் ஆடுகிற பிள்ளைக்கு மனசு விட்டுப்போகும், வாய் விட்டுக் கத்த வேணும். அக்காவிட்டைக் கேட்டுக் கத்துங்கோ. முன்வரிசையிலை மட்டும் இருக்காதேங்கோ, தொகுப்பாளினி உங்களைத்தான் பிடிப்பா.

சும்மா சுந்தரம்:

மகள் எடுத்ததே முன்வரிசைதான் அம்மா.